ஆர்.சி-க்கு 80 ஆயிரம்... ஆயில் சீலுக்கு எங்கே போறது? பழைய ஜப்பான் காரை வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ரீல்ஸ்ல ஒரு பழைய ஜப்பான் எஸ்.யூ.வி. மலைப்பாதையில சேறு தெறிக்க ஏறுது. பின்னாடி மாஸ் பி.ஜி.எம். அடுத்த ஸ்வைப்ல அதே மாடல் விற்பனைக்கு வருது. புதுசா வந்தப்போ பெரும் பணக்காரங்க மட்டும் வாங்கின வண்டி, இன்னிக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் ஸ்விஃப்ட் விலைக்குக் கிடைக்குது. 'எடுத்துட்டா என்ன? கச்சிராயபாளையத்துல இருந்து வெள்ளிமலைக்கு சும்மா ஏறிடும்ல?'ன்னு மனசு கேக்கும்.

ஏறும். கேள்வி அது இல்லை. ஒருநாள் பாதி மலையில நின்னுபோச்சுன்னா, அதுக்கான சாமான் எங்கே கிடைக்கும், எத்தனை நாள்ல வரும், எவ்வளவு ஆகும்? இந்தக் கேள்விக்கான பதில் சமீபத்துல நிறைய மாறியிருக்கு. ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம், பெட்ரோல்ல கலக்கும் எத்தனால், உதிரிபாகங்கள் மேல ஜி.எஸ்.டி. என மூணுமே மாறியது 2025-ல்தான். கள்ளக்குறிச்சி மாதிரி ஊர்ல இருந்து பார்த்தா இந்த மாற்றங்களோட அர்த்தம் என்ன? ஒவ்வொண்ணா பார்த்துடலாம்.

முதல்ல, அது நிஜமாவே 'இம்போர்ட்டட்' வண்டியா?

'ஜப்பான் வண்டி'ன்னு நாம சொல்ற எல்லாமே கப்பல்ல வந்தது இல்லை. மிட்சுபிஷி லான்சரும் பஜேரோவும் நம்ம திருவள்ளூர்ல இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில அசெம்பிள் ஆனவை. லான்சர் அங்கே இருந்து 1998-லயே வெளியே வந்துருச்சு. டொயோட்டா குவாலிஸ், இன்னோவா ரெண்டும் பெங்களூரு பக்கத்துல பிடதியில தயாரானவை. டட்சன் கோ சென்னைக்குப் பக்கத்துல ஒரகடத்துல தயாராச்சு. அந்த பிராண்டையே 2022-ல் நிறுத்திட்டாங்க.

முழு வண்டியாகவே கப்பல்ல வந்து இறங்கினது வேற லிஸ்ட்: பழைய லேண்ட் க்ரூஸர் பிராடோ, ரெண்டாம் தலைமுறை ஹோண்டா சி.ஆர்-வி, நிஸான் எக்ஸ்-ட்ரெயில், சுஸுகி கிராண்ட் விட்டாரா, மிட்சுபிஷி மான்டெரோ, சுஸுகி கிஸாஷி.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? ஏன்னா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கட்டப்போற பணமே இதை வெச்சுதான் மாறும். சேஸிஸ்ல அடிச்சிருக்கிற 17 எழுத்து வி.ஐ.என். நம்பரைப் பாருங்க. முதல் எழுத்து 'ஜே'ன்னா ஜப்பான்ல தயாரானது. 'எம்.ஏ', 'எம்.பி' மாதிரி ஆரம்பிச்சா இந்தியத் தயாரிப்பு. அதோட நிறுத்தாம, ஆர்.சி-யில வண்டி எப்படிப் பதிவாகியிருக்குன்னும் பார்த்துக்கோங்க. கடைசியில கட்டணத்தை முடிவு பண்றது அந்தப் பதிவுதான்.

80 ஆயிரம் கணக்கு

தனியார் காருக்கு முதல் பதிவு 15 வருஷம் செல்லும். அப்புறம் 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். 2022 ஏப்ரல்ல மத்திய அரசு இந்தக் கட்டணத்தை ஏத்துச்சு. சாதாரண காருக்கு 5,000 ரூபாய். இறக்குமதி ஆன காருக்கு 40,000 ரூபாய். 2025 ஆகஸ்ட்ல இன்னொரு அறிவிப்பு வந்துச்சு. 20 வருஷம் தாண்டின வண்டின்னா சாதாரண காருக்கு 10,000, இறக்குமதி காருக்கு 80,000.

ஒரு உதாரணம். 2006-ல் பதிவான ஒரு இம்போர்ட்டட் எஸ்.யூ.வி. முதல் 15 வருஷம் 2021-ல் முடிஞ்சது. அப்போ பழைய கட்டணத்துல புதுப்பிச்சாச்சு. அடுத்த முறை 2026. வண்டிக்கு வயசு 20 ஆகுது. அந்தக் கோட்டைத் தாண்டிட்டா 80,000 ரூபாய். அஞ்சு வருஷத்துக்குப் பிரிச்சா மாசம் சுமார் 1,333 ரூபாய். அதே வயசுள்ள இந்தியத் தயாரிப்பு காருக்கு மாசம் சுமார் 167 ரூபாய்தான். வண்டியை ஷெட்டை விட்டு எடுக்கலைன்னாலும் இந்தப் பணம் உண்டு. பசுமை வரி, இன்சூரன்ஸ், ஆய்வுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலைகள் எல்லாம் தனி.

டெல்லியில மாதிரி '10 வருஷ டீசல், 15 வருஷ பெட்ரோல் வண்டிக்குத் தடை'ங்கிற விதி தமிழ்நாட்டுல இல்லை. அதனால பழைய வண்டியை இங்கே சட்டப்படி ஓட்டலாம். தடை போடாம, கட்டணத்தை ஏத்தி 'இதை வெச்சுக்கணுமா?'ன்னு யோசிக்க வைக்கிற வழி இது. விற்பனை விளம்பரங்கள்ல விலை திடீர்னு இறங்கியிருக்கிறதைப் பார்த்தீங்கன்னா, முதல்ல ஆர்.சி. எப்போ முடியுதுன்னு கேளுங்க. நீங்க கட்ட வேண்டிய 80 ஆயிரம், அந்த 'ஆஃபர்' விலைக்குள்ள ஒளிஞ்சிருக்கலாம்.

யாழ்ப்பாணத்துல கிடைக்கிறது இங்கே ஏன் கிடைக்கிறதில்லை?

ஜப்பான்ல புது கார் வாங்கினா 3 வருஷம் கழிச்சு முதல் கட்டாய ஆய்வு, அப்புறம் 2 வருஷத்துக்கு ஒருமுறை. பெட்ரோல் கார் 13 வருஷம் தாண்டினா வரியும் கூடும். அதனால நல்ல நிலையில இருக்கும்போதே வித்துடுறாங்க. அந்த வண்டிகள் ஏலத்துக்குப் போய், அங்கே இருந்து பல நாடுகளுக்குக் கப்பல் ஏறுது. இலங்கைக்கு இப்படி 'ரீகண்டிஷன்' வண்டிகள் பல ஆண்டுகளா வந்து குவிஞ்சிருக்கு. கொழும்பு பஞ்சிகாவத்தையில ஒரு பெரிய உதிரிபாகச் சந்தையே இருக்கு. 2020 மார்ச்ல அந்த நாடு வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியிலதான் மறுபடி கதவைத் திறந்துச்சு. நடுவுல அஞ்சு வருஷம் புது வரத்து இல்லாமலேயே இருந்த வண்டிகளை ஓட்டியிருக்காங்க. அதைச் சாத்தியமாக்கினது, ஏற்கெனவே நாட்டுக்குள்ள இருந்த ஒரே மாதிரியான வண்டிகளோட எண்ணிக்கை. ஒண்ணு ஓயும்போது, அதோட உறுப்புகள் பத்து வண்டிக்கு உயிர் கொடுக்கும்.

இந்தியாவுல நிலைமை தலைகீழ். பழைய வண்டியை இறக்குமதி பண்ணணும்னா, தயாராகி 3 வருஷத்துக்கு மேல ஆகியிருக்கக் கூடாது. மும்பை துறைமுகம் வழியாத்தான் வரணும். அது போக, விலையையே புரட்டிப் போடுற சுங்க வரி. அதனால இங்கே வந்த இறக்குமதி மாடல்கள் எண்ணிக்கையில ரொம்பக் குறைவு. குறைவான வண்டின்னா, கழட்டி விற்கவும் குறைவான வண்டிதான். 'ஜப்பான் வண்டி கெட்டே போகாது'ங்கிறது ஓரளவு உண்மைதான். ஆனா 20 வருஷம் ஆனா ரப்பர் எந்த நாட்டுதா இருந்தாலும் காயும்.

எத்தனாலும் 'விலை குறைந்த' ரப்பரும்

கள்ளக்குறிச்சிக்காரங்களுக்கு எத்தனால் புது விஷயம் இல்லை. மூங்கில்துறைப்பட்டுலயும் கச்சிராயபாளையத்துலயும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கிற, கரும்பும் மக்காச்சோளமும் விளையற மாவட்டம் இது. எத்தனாலுக்கான முக்கிய மூலப்பொருட்கள்ல இந்த ரெண்டும் உண்டு. பெட்ரோல்ல 20 சதவிகிதம் எத்தனால் கலக்கும் இலக்கை 2030-க்குன்னு வெச்சிருந்த மத்திய அரசு, அதை முன்னாடி இழுத்து 2025-லயே எட்டிடுச்சு. விவசாயிக்கு அதுல ஒரு நியாயம் இருக்கு. பழைய பெட்ரோல் கார் வெச்சிருக்கிறவருக்கு வேற ஒரு கணக்கு.

நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைச்சு 10 சதவிகிதக் கலவைக்கு ட்யூன் பண்ணின கார்கள்ல, இ20 போட்டா மைலேஜ் 6-7 சதவிகிதம் குறையலாம்னு சொல்லுச்சு. 2025 ஆகஸ்ட்ல சர்ச்சை கிளம்பினப்போ பெட்ரோலிய அமைச்சகம் கொடுத்த விளக்கத்துல, சில பழைய வண்டிகள்ல 20,000 முதல் 30,000 கி.மீ. ஓடின பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாத்த வேண்டி வரலாம், அது செலவு குறைஞ்ச வேலை, வழக்கமான சர்வீஸ்லயே முடிச்சுடலாம்னு இருந்துச்சு.

மாருதி, ஹூண்டாய்க்கு இது சரி. ஆலை ஓடுது, பார்ட்ஸ் ஷெல்ஃப்ல இருக்கு. ஆனா 20 வருஷப் பழைய, இந்தியாவுல விற்பனையே நின்னுபோன ஒரு இறக்குமதி காருக்கு 'விலை குறைஞ்ச ரப்பர்'ங்கிறதே ஒரு தேடல். ரப்பரோட விலை கொஞ்சம்தான். அதைக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள ஆகுற போன் கால், கொரியர், வண்டி நிக்கிற நாட்கள், இதுதான் நிஜமான செலவு.

நல்ல செய்தியும் இருக்கு. பெட்ரோல் ஹோஸை மாடல் பார்த்துத் தேட வேண்டியதில்லை. சரியான உள்விட்டம், சரியான பிரஷர் ரேட்டிங் பார்த்து, எத்தனாலைத் தாங்குற ஹோஸா கேட்டு வாங்கலாம். கடையில 'வைட்டான்'னு சொல்ற எஃப்.கே.எம். ரப்பர்ல செஞ்ச ஓ-ரிங், சீல் எல்லாம் அளவு கொடுத்தா கிடைக்கும். பழைய பிராடோ, பஜேரோ மாதிரி டீசல் வண்டி வெச்சிருக்கீங்கன்னா, இந்த எத்தனால் தலைவலியே உங்களுக்கு இல்லை.

சாமானை எப்படித் தேடறது?

மாடல் பேரைச் சொல்லிக் கடைக்காரர்கிட்ட கேட்டா, 'அது வராது தம்பி'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவார். பார்ட் நம்பரைச் சொல்லிக் கேட்டா கதையே வேற. இதுதான் மொத்த விஷயத்துக்கும் சாவி.

1. வி.ஐ.என். நம்பரை வெச்சு ஆன்லைன் பார்ட்ஸ் கேட்டலாக்ல உங்க வண்டிக்கான படத்தை எடுங்க. டொயோட்டான்னா பார்ட் நம்பர் 10 இலக்கம். முதல் அஞ்சு, அது என்ன சாமான்னு சொல்லும். அடுத்த அஞ்சு, எந்த வகை வண்டிக்குன்னு சொல்லும்.

2. கார் கம்பெனி பேரை மறந்துடுங்க, சாமானைச் செஞ்ச கம்பெனியைத் தேடுங்க. ஆல்டர்னேட்டர் டென்ஸோவா இருக்கும், கிளட்ச் ஐஸின் அல்லது எக்ஸெடியா இருக்கும், ஷாக் அப்ஸார்பர் கே.ஒய்.பி.-யா இருக்கும், ஸ்பார்க் பிளக் என்.ஜி.கே.-வா இருக்கும். அதே சாமான், கார் கம்பெனி டப்பா இல்லாம வரும்போது பெரும்பாலும் விலை குறையும்.

3. உங்க வண்டியோட 'சொந்தக்காரங்களை'க் கண்டுபிடிங்க. 2.4 லிட்டர் கிராண்ட் விட்டாராவுக்கும் கிஸாஷிக்கும் ஒரே ஜே24பி இன்ஜின். இறக்குமதி பிராடோவுக்கும் பிடதி இன்னோவாவுக்கும் டீசல் இன்ஜின் ஒரே கே.டி. குடும்பம். எல்லாமே பொருந்தாது, பார்ட் நம்பரை ஒப்பிட்டுப் பார்த்துட்டுதான் வாங்கணும். ஆனா தேடுற வட்டம் பெருசாகும்.

4. பேரிங்கையும் ஆயில் சீலையும் அளவு வெச்சே வாங்கலாம். ஆயில் சீல்ல உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூணும் பெரும்பாலும் மேலயே அச்சாகியிருக்கும். கார் ஷோரூம்ல இல்லைன்னு சொன்ன பேரிங், மோட்டார் பம்ப்செட்டுக்கு பேரிங் விக்கிற கடையில கிடைக்கலாம். விவசாய ஊர்ல இருக்கிறதோட லாபம் இது.

5. லேத் பட்டறையை மறக்காதீங்க. சஸ்பென்ஷன் புஷ், ஸ்பேசர், பிராக்கெட் மாதிரி விஷயங்களை நல்ல டர்னர் செஞ்சு கொடுத்துடுவார். பழைய சாமானைத் தூக்கிப் போடாம எடுத்துட்டுப் போங்க, அளவே அதுதான்.

6. இதுக்கும் மேலன்னா சென்னை. கள்ளக்குறிச்சியில இருந்து சுமார் 250 கி.மீ. புதுப்பேட்டையில கழட்டின சாமான், ஜி.பி. ரோட்டுல புது சாமான். கிளம்புறதுக்கு முன்னாடி பார்ட் நம்பரோட போட்டோவை அனுப்பிக் கேட்டுட்டுப் போங்க, ஒருநாள் அலைச்சல் மிச்சம்.

கழட்டின சாமான் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. உத்தரப்பிரதேசம் மீரட்ல சோதிகஞ்ச்னு ஒரு பெரிய சந்தை இருந்துச்சு. திருட்டு வண்டிகளை உடைச்சு விக்கிறதாப் பேர் வாங்கி, 2021 டிசம்பர்ல போலீஸ் நடவடிக்கையில மூடப்பட்டுச்சு. திருட்டுப் பொருள்னு தெரிஞ்சோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினா, பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவுப்படி வாங்குறவருக்கும் தண்டனை உண்டு. இன்ஜின், ஈ.சி.யு. மாதிரி பெரிய சாமானுக்கு பில் இல்லாம பணம் கொடுக்காதீங்க. இன்ஜினையே மாத்தினா 14 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ-வுக்குத் தெரிவிக்கணும். இல்லைன்னா ஆர்.சி. புதுப்பிக்கிற நாள்ல இன்ஜின் நம்பர் ஒத்துப்போகாம மாட்டிக்குவீங்க.

மலையில 'அட்ஜஸ்ட்' பண்ணக் கூடாதவை

கல்வராயன் மலை சமவெளி ரோடு மாதிரி கிடையாது. கோமுகி அணையைத் தாண்டி ஏற ஆரம்பிச்சா, வளைவு மேல வளைவு. இறங்கும்போதுதான் வண்டியோட வயசு தெரியும். இந்த மலை மக்களோட வாழ்நிலையைப் பற்றி 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்து விசாரிக்கிற அளவுக்குத்தான் இங்கே அடிப்படை வசதிகள் இருக்கு. நடுவழியில நின்னா ரெக்கவரி வண்டி பத்து நிமிஷத்துல வந்துடும்னு நினைச்சுட்டு ஏறாதீங்க.

அதனால சாமான்களை மூணாப் பிரிங்க. கதவு பீடிங், பவர் விண்டோ, டேஷ்போர்டு கிளிப் எல்லாம் கிடைக்கும்போது போட்டுக்கலாம். புஷ், மவுன்ட் மாதிரி விஷயங்களுக்கு லேத்தும் மாற்று பிராண்டும் போதும். ஆனா பிரேக், ஸ்டீயரிங், டயர், டைமிங் பெல்ட் நாலுலயும் டூப்ளிகேட்டும் கூடாது, 'இப்போதைக்கு ஓட்டிக்கலாம்'ங்கிறதும் கூடாது.

பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். ஈரம் சேர்ந்தா, தொடர்ந்து பிரேக் மிதிச்சு இறங்கும்போது சூட்டுல கொதிச்சு, பெடல் அப்படியே உள்ள போயிடும். 2 வருஷத்துக்கு ஒருமுறை மாத்துறது நல்லது. மாஸ்டர் சிலிண்டர் கிட், காலிப்பர் சீல் கிட் கிடைக்கும்போதே ஒரு செட் வாங்கி வெச்சுடுங்க. டயர்ல நாலு இலக்க நம்பர் இருக்கும். '1819'ன்னா 2019-ம் வருஷம் 18-வது வாரத்துல செஞ்சது. பட்டன் தேயாம புதுசு மாதிரி தெரிஞ்சாலும் தேதியைப் பாருங்க. ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். இந்த ஒரு பழக்கத்துக்கு மட்டும் ஸ்பேர் எதுவும் தேவையில்லை.

சாமான் இல்லையா, கொடுக்கலையா?

இதுல அரசியலும் இருக்கு. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட்ல 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டுச்சு. ஒரிஜினல் சாமான்களையும் பழுதுபார்க்கும் தகவல்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காம பண்ணி, வாடிக்கையாளரை ஷோரூமுக்கே வர வைக்கிறாங்கங்கிறதுதான் குற்றச்சாட்டு. ஹோண்டா, டொயோட்டா, நிஸான், மாருதி, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் எல்லாரும் அந்த லிஸ்ட்ல இருந்தாங்க. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனாங்க. கள்ளக்குறிச்சி பைபாஸ் ஓரத்துல ஷெட் போட்டிருக்கிற மெக்கானிக் அண்ணனுக்கு அந்தத் தீர்ப்பால பெருசா ஒண்ணும் மாறலை.

2022 டிசம்பர்ல நுகர்வோர் துறை 'ரைட் டு ரிப்பேர்' போர்ட்டலைத் தொடங்குச்சு. விவசாயக் கருவிகள், மொபைல், வீட்டு உபயோகப் பொருட்கள் வரிசையில ஆட்டோமொபைலும் இருக்கு. ஆனா அது தகவல் தர்ற போர்ட்டல்தான். 'ஒரு மாடலை நிறுத்தின பிறகும் இத்தனை வருஷம் சாமான் கொடுத்தே ஆகணும்'னு கம்பெனியைக் கட்டாயப்படுத்துற சட்டம் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்கள் மேல ஜி.எஸ்.டி. 28-ல இருந்து 18 சதவிகிதமா குறைஞ்சது நிஜமாவே உதவி. ஆனா இல்லாத சாமானுக்கு வரி குறைஞ்சு என்ன பிரயோஜனம்?

ஜப்பான்லயே டொயோட்டா, நிஸான், ஹோண்டா எல்லாம் சில பழைய மாடல்களுக்கு சாமானை மறுபடி தயாரிச்சு விக்கிறாங்க. சூப்ரா, ஸ்கைலைன் ஜி.டி-ஆர் மாதிரி, உலகம் முழுக்க ரசிகர் கூட்டம் இருக்கிற வண்டிகளுக்குத்தான் அந்தப் பாக்கியம். மலையில மூட்டையும் ஆளும் ஏத்துற பெரும்பாலான வண்டிகளுக்கு அப்படி எதுவும் இல்லை.

அரசு ஒரு பக்கம் பழைய வண்டிக்குக் கட்டணத்தை ஏத்துது, இன்னொரு பக்கம் எரிபொருளை மாத்துது. ரெண்டுக்கும் சுற்றுச்சூழல்தான் காரணம்னு சொல்லுது. அப்படின்னா, ஓடக்கூடிய வண்டியை ஒரு சீல் கிடைக்காததால குப்பைக்கு அனுப்புறதும் சுற்றுச்சூழலுக்கு நஷ்டம்தானே? உரிமையாளர்கிட்ட 80 ஆயிரம் வாங்குற அரசு, கம்பெனிகிட்ட 'சாமானைக் கொடு'ன்னும் கேட்கணும். நியாயமான பேரம் அதுதான்.

சரி, வாங்கலாமா வேண்டாமா?

வாங்குறதுக்கு முன்னாடி அஞ்சு சாமானோட பார்ட் நம்பரை எடுங்க: பிரேக் மாஸ்டர் சிலிண்டர், டைமிங் பெல்ட் அல்லது செயின் கிட், ரேடியேட்டர், கிளட்ச் செட், பெட்ரோல் பம்ப் அல்லது டீசல் இன்ஜெக்டர். அஞ்சுக்கும் இந்தியாவுக்குள்ள விலையும் டெலிவரி நாளும் கேளுங்க. நாலு கிடைச்சா, ஆர்.சி. கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுட்டு யோசிக்கலாம். ரெண்டுக்குமேல 'வராது தம்பி'ன்னா, விலை எவ்வளவு குறைவா இருந்தாலும் அது கார் இல்லை, காட்சிப் பொருள்.

வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு நிக்குதா? ஆர்.சி. முடியுற தேதிக்கு ஆறு மாசம் முன்னாடியே முடிவு எடுங்க. ஓட்டப்போறீங்கன்னா இப்பவே ரப்பர் சாமான்களைச் சேர்த்து வையுங்க. விடப்போறீங்கன்னா, அங்கீகாரம் பெற்ற ஸ்கிராப் மையத்துல கொடுத்து சான்றிதழ் வாங்குங்க, அடுத்த வண்டிக்கு வரிச் சலுகை கேட்க அது தேவைப்படும். ரெண்டும் இல்லாம ஷெட்ல தார்ப்பாய் போட்டு மூடி வெச்சுட்டு 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு இருக்கிறதுதான் இருக்கிறதுலயே காஸ்ட்லியான முடிவு. ஓடாம நிக்கிற வண்டியிலயும் ரப்பர் காயும். ஆர்.சி. தேதியும் நமக்காக நிக்காது.